செவிக்குள் மூன்று எலும்புகள்

வானொலி நிலையத்தில் ஒருவர் பேசுகிறார். அவர் குரல் மின்னலையாக மாறி, வானிற் பரவி, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு பெட்டியில் மீண்டும் ஒலியாகிறது. இம்மட்டும் பொறியியல் வல்லுநரின் திறமை. ஆனால் பெட்டியிலிருந்து வெளிப்பட்ட ஒலி நேயரின் மூளையை அடைய வேண்டுமானால் இன்னும் ஒரு சிறு பயணம் எஞ்சியிருக்கிறது. அப்பயணத்தின் நடுப்பகுதியில் கம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் மூன்று சிற்றெலும்புகளே அங்கே ஒலியைக் கைமாற்றிக் கொடுக்கின்றன. நம் உடலில் உள்ள 206 எலும்புகளுள் இவற்றினும் சிறியவை வேறில்லை. மூன்றனுள் கடைசி எலும்பின் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். எடை 3 மில்லிகிராம் அளவு. அரிசிக் குருணையைக் கையிலெடுத்தால் அதன் பருமன் விளங்கும். பிறக்கும்போதே இவை முழு அளவை எய்திவிடுகின்றன. தொட்டிற் குழந்தையின் செவியிலும் தொண்டு கிழவரின் செவியிலும் இருப்பவை ஒரே அளவினவே.

இவ்வெலும்புகளுக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. மனிதன் இவற்றைக் கண்டறிந்த வரலாறு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு உரியது. இவை செவிக்குள் வந்து சேர்ந்த வரலாறோ பல கோடி ஆண்டுகளுக்கு உரியது. முன்னது பெருமைக்காக நிகழ்ந்த ஒரு வழக்கு. பின்னது ஓர் இடமாற்றம். மத்திய அரசு ஊழியர்க்கு அச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நேயர்களுக்கும் அவ்வாறே.

நம் நாட்டுப் பழைய வைத்திய நூல்கள் எலும்புகளை எண்ணியிருக்கின்றன. சரகர் கணக்கு 360. சுசுருதர் கணக்கு 300. இன்றைய கணக்கைவிட இவை மிகுந்திருப்பதற்குக் காரணம், பற்களையும் குருத்தெலும்புகளையும் அவர்கள் எலும்பென்றே கொண்டதுதான். சுசுருதர் எலும்புகளை ஐந்து வகையாகப் பிரித்து, மூக்கு, செவி, கழுத்து, கண்குழி ஆகிய இடங்களில் இருப்பவற்றைத் 'தருணம்', அதாவது இளையவை, என்று குறிக்கிறார். ஆகவே அவர் பட்டியலில் ஒவ்வொரு செவிக்கும் ஓர் எலும்பு இருந்தபோதிலும், அது நாம் விரலாற் பிடித்து மடக்கக்கூடிய குருத்தேயன்றி உள்ளிருக்கும் எலும்பன்று. உடலைப் புல்லாற் சுற்றி, கூண்டிலிட்டு, ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவைத்து, பின்னர் மெல்லத் தேய்த்து ஒவ்வொரு படலமாக நீக்கிக் காண வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அக்காலத்திற்கு அது வியக்கத்தக்க முறையே. ஆயினும் பொட்டெலும்பின் உள்ளே, பாறை போன்ற பகுதிக்குள், சிறு அறையொன்றில் மறைந்திருக்கும் குருணைகளை அம்முறையாற் காண்பது அரிது. இப்பட்டியல்களையெல்லாம் ஒப்புநோக்கித் தெளிவுபடுத்தியவர், ஆக்ராவுக்கு அருகில் பிறந்து கல்கத்தாவில் பணியாற்றிய ஹோர்ன்லே என்னும் அறிஞர். அவர் நூல் 1907-இல் வெளிவந்தது.

மேனாட்டாருக்கும் அதிகச் சிறப்பில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அவர்கள் வேதவாக்காகக் கொண்டிருந்தது காலன் என்னும் கிரேக்க வைத்தியரின் கூற்று. அவர் பெரும்பாலும் குரங்குகளையே அறுத்துப் பார்த்தவர். எலும்புகளைப் பற்றித் தனிநூலே எழுதியவர். ஆயினும் செவிச் சிற்றெலும்புகளைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியிலுள்ள போலோனா நகரத்தார்தாம் முதல் இரண்டு எலும்புகளைக் கண்டனர். 1521-இல் பெரெங்காரியோ டா கார்ப்பி எழுதிய உரைநூலில் அவை குறிக்கப்பெறுகின்றன. 1543-இல் வெசாலியஸ் தமது பெருநூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 28. அவர் ஓர் எலும்பைச் சுத்தியலுக்கு ஒப்பிட்டார். மற்றொன்றைக் கொல்லன் பட்டடைக்கு ஒப்பிட்டதோடு நில்லாமல், இரண்டு வேருடைய கடைவாய்ப் பல்லுக்கும் ஒப்பிட்டார். இவ்வுவமையை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருப்பார்களாக. மூன்றாவது எலும்பு அவர் கண்ணிற் படவில்லை.

அதைக் கண்டவர் சிசிலித் தீவினராகிய இங்கிராசியா. 1546-இல் அவர் நேப்பிள்ஸ் நகரில் உடற்கூறு கற்பித்துவந்தார். பட்டடையின் நுனியைத் தொட்டுக்கொண்டு, குதிரைச் சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடி போன்ற வடிவில், நடுவே துளையுள்ள ஓர் எலும்பு இருப்பதை அவர் கண்டார், மாணவர்களுக்கும் காட்டினார். ஆனால் அச்சிடவில்லை. செய்தியோ நில்லாமற் பரவியது. 1549-இல் ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் ஹிமேனோ என்பார் தம் நூலில் அவ்வெலும்பைப் பற்றி எழுதிவிட்டார். 1559-இல் வெளிவந்த நூலில் கொலம்போ என்பார், தமக்குமுன் எவரும் அறியாத மூன்றாம் எலும்பைத் தாமே கண்டதாகக் கூறினார். ரோமாபுரியிலிருந்த யூஸ்டாக்கி, பிறர் சொல்லிக் கேளாமலே தாமும் அதனைக் கண்டதாக உரிமை கொண்டாடினார். ஆக, ஒரு குருணைக்கு உரிமையாளர் பலர்!

இந்த வழக்கில் நேர்மையான சாட்சி ஒருவர் இருந்தார். அவர் பலோப்பியோ. உடற்கூற்றில் பெரும்புகழ் பெற்றவர். விரும்பியிருந்தால் தாமும் ஒரு பங்கு கேட்டிருக்கலாம். ஆனால் 1561-இல் வெளியிட்ட நூலில், அப்பெருமை நேப்பிள்ஸில் கற்பித்த இங்கிராசியாவுக்கே உரியது என்று அவர் எழுதினார். இங்கிராசியா பின்னர்ச் சிசிலியின் தலைமை வைத்திய அதிகாரியாகி, 1575-இல் பலெர்மோவைத் தாக்கிய கொள்ளை நோயை எதிர்த்துப் பணியாற்றி, 1580-இல் காலமானார். மூன்றாம் எலும்பைப் பற்றி அவரே எழுதிய உரை அச்சேறியது 1603-இல். அதாவது அவர் மறைந்து 23 ஆண்டுகள் கழித்து. எழுத்திலே வராத உழைப்புக்கு உரியவர் யார் என்ற கேள்வியைப் பலோப்பியோ போன்ற ஒருவர் தீர்த்துவைப்பது எல்லாக் காலத்திலும் நிகழ்வதன்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் பெயரைப் பற்றி ஒரு சொல் கூற விரும்புகிறேன். அவ்வெலும்பிற்கு இங்கிராசியா இட்ட 'ஸ்டேப்ஸ்' என்ற பெயர் லத்தீன் போலத் தோன்றினும் பழைய ரோமர் அறியாத சொல். ரோமர்கள் அங்கவடியின்றியே குதிரை ஏறினர். பொருளே இல்லாதபோது சொல் எங்கிருந்து வரும்? இடைக்காலத்தில் தோன்றிய சொல்லை எடுத்து அவர் எலும்புக்குச் சூட்டினார். தமிழ்ப் பாடநூல்கள் சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு என்று அப்படியே பெயர்த்துக்கொண்டன. நல்ல பெயர்கள்தாம். ஆனால் இம்மூன்று பெயர்களும் எலும்பின் வடிவை மட்டுமே சொல்கின்றன. அதன் குலத்தைச் சொல்லவில்லை.

குலத்திற்குப் போகுமுன் தொழிலைப் பார்ப்போம். காற்றிலே வரும் ஒலி நேராக நீர்ப்பரப்பில் மோதினால் அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ளே புகும்; மிகுந்ததெல்லாம் திரும்பிவிடும். குளத்தில் மூழ்கியிருப்பவனுக்குக் கரையிலிருப்பவன் கூவுவது கேளாமைக்கு இதுவே காரணம். நம் உட்செவி நத்தைக்கூடு போலச் சுருண்டு நீர் நிறைந்தது. வெளியிலிருக்கும் காற்றொலியை இந்நீருக்குள் செலுத்துவதே மூன்று எலும்புகளின் வேலை. அகன்ற செவிப்பறையில் விழும் அழுத்தத்தைத் திரட்டி, அதன் பரப்பில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கேயுள்ள சிறு சாளரத்தின்மீது அவை செலுத்துகின்றன. நெம்புகோல் போலவும் இயங்கி அவ்வழுத்தத்தை இன்னும் சிறிது பெருக்குகின்றன. முடிவில் அழுத்தம் இருபது மடங்குக்கு மேலாகிறது. இக்கணக்கை 1868-இல் ஆராய்ந்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். சாளரத்திற்கு அப்பால் நிகழ்வதை ஆராய்ந்து 1961-இல் நோபல் பரிசு பெற்ற பெக்கெஷி, ஹங்கேரி நாட்டுத் தபால் இலாகாவின் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் என்பது நேயர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம்.

அங்கவடியின் அடித்தட்டு அச்சாளரத்தில் பொருந்தி, ஒலிக்கேற்ப அசைந்துகொண்டிருக்க வேண்டும். அது அசையாது நின்றுவிட்டால்? 1704-இல் போலோனாவைச் சேர்ந்த வால்சால்வா, செவிடராக இருந்து இறந்த ஒருவரின் செவியை அறுத்துப் பார்த்து, அங்கவடி சுற்றியுள்ள எலும்போடு இறுகி ஒட்டிப்போயிருந்ததை எழுதிவைத்தார். இளமையில் நன்றாகக் கேட்டவர்கள் நடுவயதில் மெல்ல மெல்லக் கேள்வியை இழப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அண்டை அறையில் மனைவி அழைப்பது கேளாது. குழந்தையின் மழலை கேளாது. பேச்சில் கலந்துகொள்ள இயலாமல் மனிதர் ஒதுங்கிவிடுவார். உட்செவியும் நரம்பும் செம்மையாக இருக்க, ஒரு குருணையின் விளிம்பு இறுகியதால் வரும் துன்பம் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிலர் அவ்வெலும்பை எடுத்துவிட முயன்றனர். தொற்றுநோய் அச்சத்தால் பெரிய வைத்தியர்கள் அதனைக் கண்டித்து நிறுத்தினர். 1952-இல் நியூயார்க்கில் ரோசன் என்னும் மருத்துவர், அங்கவடி எவ்வளவு இறுகியிருக்கிறது என்று சோதிக்கும் நோக்கத்தோடு அதனைச் சிறிது தள்ளினார். அது கட்டுவிட்டு அசைந்தது. மேசைமேற் படுத்திருந்த நோயாளிக்கு அக்கணமே காது கேட்டது. 1956-இல் மெம்பிஸ் நகரில் ஷே என்பார் அவ்வெலும்பையே நீக்கிவிட்டு, டெப்லான் என்னும் செயற்கைப் பொருளால் அதே அளவிற் செய்த ஒன்றைப் பொருத்தினார். இன்று உலகெங்கும் செய்யப்படும் சிகிச்சை அதன் வழிவந்ததே.

இனி இடமாற்றத்தின் கதை. 1820-இல் ஜெர்மானிய அறிஞர் மெக்கல், கருவிலிருக்கும் பாலூட்டிகளின் தாடையில் ஒரு குருத்தெலும்புக் கோலைக் கண்டார். அதன் ஒரு முனை கீழ்த்தாடைக்குள் ஓடுகிறது. மறுமுனையோ செவிக்குள் சென்று சுத்தி எலும்பாக முடிகிறது. தாடைக்கும் செவிக்கும் என்ன உறவு? இதற்கு விடை கூறியவர் ரைஹெர்ட். 1837-இல், தமது 26-ஆம் வயதில், பன்றிக் கருக்களை வளர்ச்சி வரிசையில் வைத்து ஆராய்ந்து அவர் வெளியிட்ட முடிவு இது: பாலூட்டிகளின் சுத்தியும் பட்டடையும், பல்லி, ஓணான், ஆமை முதலிய ஊர்வனவற்றின் கீழ்த்தாடையை மண்டையோட்டுடன் கீல்போல இணைக்கும் இரண்டு எலும்புகளே. அவற்றின் தாடைக் கீலாக இருப்பது நமக்குச் செவிக்கருவியாக இருக்கிறது. வெசாலியஸ் பட்டடையைக் கடைவாய்ப் பல்லுக்கு ஒப்பிட்டது தற்செயல்தான். ஆயினும் வாயை அவர் நினைத்தது பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

அங்கவடி எலும்பு இவ்விரண்டினும் பழைமையானது. ஊர்வனவற்றிலும் பறவைகளிலும் செவிக்குள் அது ஒன்றே தனியே நிற்கிறது. அதற்குமுன், மீன்களில், அது தாடையைத் தாங்கும் முட்டுக்கோலாக இருந்தது. செவுள் வளைவு ஒன்றின் பகுதி. நம் பேச்சுவழக்கில் ஒருவனைச் 'செவுளில் அறைந்தான்' என்றால் மீனின் செவுளை எவரும் நினைப்பதில்லை. காதோரக் கன்னத்தையே கருதுகிறோம். செவி, செவுள் என்னும் சொற்களின் உறவைச் சொல்லாராய்ச்சியாளர் முடிவு செய்யட்டும். உடலமைப்பில் உறவு உண்டு என்பதில் ஐயமில்லை.

இடையே ஒரு வேடிக்கை. மெக்கல் எழுதிய அதே 1820-இல் வேபர் என்னும் மற்றொரு ஜெர்மானியர், கெண்டை, கெளுத்தி இனமீன்களில் காற்றுப்பையிலிருந்து உட்செவிவரை சங்கிலிபோலச் செல்லும் சிற்றெலும்புகளைக் கண்டு, அவற்றிற்கும் சுத்தி, பட்டடை, அங்கவடி என்றே பெயரிட்டார். கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் நாள்தோறும் சந்தையிற் காணும் ரோகு, கட்லா மீன்களிலும் இவை உண்டு. வேலை ஒன்றே, ஆனால் இவை முதுகெலும்பின் முதற்கண்ணிகளிலிருந்து பிரிந்தவை. நம் செவியெலும்புகளோடு இவற்றிற்குக் குல உறவு கிடையாது. பெயர் ஒன்றாயிருப்பதால் உறவு ஒன்றாகிவிடாது என்பதைப் பிற்காலத்தார் கண்டனர்.

ரைஹெர்ட்டின் முடிவை எர்னஸ்ட் கௌப் என்பவர் 1913-இல் வெளிவந்த விரிவான ஆராய்ச்சியால் நிலைநாட்டினார். ஆயினும் ஒரு கேள்வி இடித்துக்கொண்டே நின்றது. கீலெலும்புகள் தாடையை விட்டுச் செவிக்குப் போகும் காலத்தில் அந்தப் பிராணி எதைக்கொண்டு மென்றது? கீலைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறக்க முடியுமா? நியாயமான கேள்வி. விடை பாறைகளிலிருந்து வந்தது. புதிய கீல் பொருத்திய பிறகே பழைய கீல் விடுவிக்கப்பட்டது. 1958-இல் கிராம்ப்டன் தென்னாப்பிரிக்கப் படிவம் ஒன்றை ஆராய்ந்து, அதன் தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் பழைய கீலும் புதிய கீலும் அருகருகே இருப்பதைக் கண்டு, 'இருமூட்டுத் தாடை' என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். வேல்ஸ் நாட்டில் கிடைத்து 1949-இல் பெயரிடப்பெற்ற மார்கனூகோடான், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மூஞ்சூறு போன்ற பிராணி. அதற்கும் இரண்டு கீல்கள். பழைய கீல் மெலிந்து, மெல்லவும் கேட்கவுமாக இருவேலை பார்த்தது. 2007-இல் சீன அறிஞர்கள் அறிவித்த யானோகோனோடானில், செவியெலும்புகள் தம் தொழிலுக்கேற்ற வடிவம் பெற்றுவிட்டன. ஆயினும் மெக்கல் கண்ட அந்தக் கோல் எலும்பாகி, அவற்றை இன்னும் தாடையோடு கட்டிவைத்திருக்கிறது. இடமாற்ற உத்தரவு வந்தும் பழைய அலுவலகத்திலிருந்து விடுவிக்கப்படாதவர் நிலை!

இவ்வரலாற்றைக் கண்முன் காண விரும்புவோர் பாறையைத் தேட வேண்டியதும் இல்லை. பையில் குட்டியை வளர்க்கும் ஒப்போசம் என்னும் அமெரிக்கப் பிராணி, மிக இளங்கருவாகவே குட்டியை ஈன்றுவிடுகிறது. அக்குட்டி தாய்ப்பால் குடிக்கத் தொடங்கும்போது அதன் தாடை தொங்குவது பிற்காலத்தில் சுத்தியும் பட்டடையும் ஆகப்போகும் எலும்புகளின்மேல்தான். சில வாரங்களில் புதிய கீல் அமைகிறது. பழையவை செவிக்குள் ஒதுங்குகின்றன.

பாம்பு இவ்வழியில் வரவில்லை. தமிழ்ப் புலவர் அதனைக் 'கட்செவி' என்றனர். கண்ணையே செவியாக உடையது என்பது கருத்து. பாம்புக்குப் புறச்செவியும் இல்லை, செவிப்பறையும் இல்லை என்று கண்டவர் இட்ட பெயர் அது. ஆனால் உட்செவி உண்டு. அங்கவடிக்கு நேரான மெல்லிய எலும்பும் உண்டு. அதன் நுனி தாடைக்கீலின் சதுர எலும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தரையிற் பதிந்த தாடை வழியே அதிர்வு ஏறிச் செவியை அடைகிறது. நாம் செவிக்குள் எடுத்துக்கொண்ட எலும்பைப் பாம்பு தாடையிலேயே வைத்துக்கொண்டு கேட்கிறது. இது தெரிந்திருந்தால் புலவர்கள் 'தாடைச்செவி' என்று பாடியிருப்பார்களோ என்னவோ, ஓசைநயம் கெட்டிருக்கும்.

கீல் எலும்புகள் இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் தாடையை விட்டு வந்தது. ஊர்வனவற்றின் கீழ்த்தாடையிலிருந்த கோண எலும்பு அது. நம்மில் செவிப்பறையைப் பிடித்துக்கொள்ளும் வளையமாக நிற்கிறது. திமிங்கிலங்களில் இதே எலும்பு பருத்து, உட்புற விளிம்பு மிகத் தடித்துச் சங்கு போலக் கனக்கிறது. தரைவாழ் பிராணி எதிலும் காணப்படாத இத்தடிப்பைக் கண்டால் திமிங்கிலக் குலம் என்று துணியலாம் என்பது அறிஞர் கொள்கை. அக்கொள்கைக்கு வந்த சோதனை நம் நாட்டிலிருந்து வந்தது.

எண்ணெய், இயற்கை வாயுக் கமிஷனைச் சேர்ந்த நிலநூல் அறிஞர் ஏ. ரங்கராவ், ஜம்முப் பகுதியில் இமயத்தின் அடிவாரத்திலுள்ள காலாகோட்டில் பாறைகளைத் திரட்டினார். அவற்றிற் கண்ட சில பற்களையும் தாடைத் துண்டையும் கொண்டு, ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட குளம்புடைய சிறு பிராணி ஒன்றை 1971-இல் அவர் விவரித்தார். பூனையளவே உள்ள, மான்குட்டி போன்ற பிராணி அது. உடைக்காத பாறைகள் இன்னும் நிறைய இருந்தன. அவர் மறைந்தபின் அவை அவர் மனைவியாரின் காவலில் இருந்து, பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய தெவிசன் என்னும் ஆராய்ச்சியாளரிடம் சேர்ந்தன. அங்கே பாறையிலிருந்து மண்டையோடுகளைப் பிரித்தெடுக்கும்போது, உதவியாளர் கையில் ஒன்று தவறுதலாக உடைந்தது. உடைந்த இடம் செவிப்பகுதி. உள்ளே தெரிந்தது அந்தத் தடித்த விளிம்பு.

நான்கு கால்களும் குளம்பும் உடைய ஒன்று, திமிங்கிலத்தின் செவியோடு காலாகோட்டில் நின்றிருக்கிறது. திமிங்கிலத்தின் மூதாதையரைத் தேடிவந்தவர்களுக்கு இதனினும் நெருங்கிய தரைவாழ் உறவினர் கிடைத்ததில்லை என்று தெவிசனும் அவர் துணைவர்களும் 2007 டிசம்பரில் எழுதினர். தடித்த செவியெலும்பு திமிங்கிலத்துக்கே தனியுரிமை என்ற கொள்கை அன்றோடு திருத்தம் பெற்றது. ரங்கராவ் தம் பாறைகளுக்குள் இருந்ததை முழுதும் காணவில்லை. ஆனால் அவர் இட்ட பெயரை எவரும் மாற்றவில்லை. திமிங்கிலத்தின் இந்த உறவினரை உலகம் இன்றும் 'இந்தோஹியஸ்' என்றே அழைக்கிறது. 'இந்தியப் பன்றி' என்பது அதன் பொருள்.